பச்சையில் நின்ற எண்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. நான் வேலை செய்யும் போன் திருத்தும் கடையில் முதலாளிகூட, என் முகம் கோணினால் முதலில் ஒரு தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்வார். அந்தக் கோபம் ஒரு நாள் என் தங்கச்சியின் உயிர்வரை போகும் என்று நான் நினைத்ததில்லை.

தங்கச்சிக்கு எட்டு வயதிலிருந்து சீனி வியாதி. பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை, தினமும் ஊசி போட்டே ஆகவேண்டிய வகை. ஊசி கூடினாலோ சாப்பாடு தவறினாலோ இரத்தத்தில் சீனி விழுந்துவிடும். முதலில் கை நடுங்கும், பிறகு வியர்க்கும், பிறகு ஆள் நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவாள். அப்படி மூன்று தடவை சரிந்திருக்கிறாள். மூன்று தடவையும் பக்கத்தில் எங்களில் யாராவது இருந்தோம்.

இப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயது. எங்கள் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. மலைச்சரிவில் தனியாக நிற்கும் ஒற்றை அறைக் கட்டடம். உள்ளே சீலைத் தொட்டில்கள், ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு. பகல் முழுவதும் அவளைத் தவிர அங்கே பேசத் தெரிந்த ஆள் கிடையாது. அங்கே அவள் சரிந்தால் யாருக்குத் தெரியும் என்று அம்மா வேலைக்கு விடவே பயந்தாள்.

வெளிநாட்டில் வேலை செய்கிற மாமா மகள் அந்தப் பயத்துக்கு ஒரு வழி அனுப்பினாள். மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. இரண்டு ரூபாய்க் குற்றிக் காசை விடக் கொஞ்சம் பெரிது. அது தோலுக்கு அடியில் சீனியை அளந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ப்ளூடூத் வழியாகப் போனுக்குச் சொல்லும். கூட வந்த ஆப் முழுக்க ஆங்கிலம். அவளுடைய பழைய போனில் அது அடிக்கடி செத்தும் போனது. நான் உயர்தரம் முடித்துவிட்டு, கடையில் இருந்துகொண்டே நிரல் எழுதப் படித்தவள். விடுவேனா? நானே ஒன்று எழுதினேன். சீனி இறங்கினால் என் குரலிலேயே தமிழில் சொல்லும். எண்ணை என் போனுக்கும் அனுப்பும். எழுபதுக்குக் கீழே போனால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. புளத்கொகுபிட்டிய டவுனில் கடையில் உட்கார்ந்துகொண்டு, ஐந்து கட்டைக்கு, ஐந்து மைலுக்கு, அப்பால் இருக்கிற தங்கச்சியின் இரத்தத்தை நான் பார்த்தேன். அப்பா இதைக் கங்காணியிடம் சொல்லி, கங்காணி கிளாக்கரிடம் சொல்லி, தோட்டம் முழுக்கத் தெரிந்துபோனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதில் ஒரு சங்கதியை விளக்கவேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த வேலை புரியாது. ஒரு ஆப் தானாகப் போய் ப்ளூடூத் உயிரோடு இருக்கிறதா, வில்லை இணைந்திருக்கிறதா என்று நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்காது. அப்படிப் பார்த்தால் பேட்டரி தீர்ந்துவிடும். போனின் இயங்குதளத்திடம் முன்கூட்டியே பதிந்து வைக்கவேண்டும்: இந்தச் சாதனம் அறுந்தால் எனக்குச் சொல், ப்ளூடூத் அணைந்தால் எனக்குச் சொல். டிஸ்பென்சரியில் துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஏச்சு விழும். பெயர் கூப்பிடும்போது எழுந்து போனால் போதும். கூப்பிடுவதும் ஒரே தடவைதான். அதைக் கேட்டுவிட்டு என்ன செய்வது என்பது ஆப் எழுதியவரின் பாடு.

வில்லை தூரத்துக்குப் போய் அறுந்தால் ஒரு செய்தி வரும். ப்ளூடூத்தையே அணைத்தால் வேறொரு செய்தி: அணைகிறது, அணைந்துவிட்டது. சில போன்களில் இரண்டும் சேர்ந்து வரும். தங்கச்சியின் போனில், அணைத்தால் இரண்டாவது மட்டும்தான் வரும், சாதனம் அறுந்த செய்தி வராது. இதையெல்லாம் நான் சோதித்துப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

முதலில் இரண்டு செய்திக்கும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தேன். எது வந்தாலும் என் போன் அலறும். முதல் வாரத்தில் ஒரு பின்னேரம் அலறியது. கடையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறி, பாதை முழுக்கச் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால், தங்கச்சி பிள்ளைகளுக்குத் திரிபோஷா சத்துமாவு உருட்டிக்கொண்டிருந்தாள். ப்ளூடூத்தை அவளே அணைத்திருந்தாள். மறுநாளும் அதேபோல். நான் வாசலில் நின்றே கத்தினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காரணம் சொல்லாதே, இனிமேல் எந்தக் காலத்திலும் போனை நிப்பாட்டக் கூடாது, நிப்பாட்டினால் என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபத்தில் ப்ளூடூத் என்று சொல்லாமல் போன் என்றே சொன்னேன்.

மூன்றாம் தடவை அலறியபோது கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் பதறி எழுந்ததில் திருத்திக்கொண்டிருந்த போன் கீழே விழுந்து திரை உடைந்தது. தங்கச்சிக்குப் போன் அடித்தேன். எடுத்தாள். நல்லாத்தான் இருக்கேன் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்போதே மடிக்கணினியைத் திறந்தேன். ப்ளூடூத் அணைந்தது என்று இயங்குதளம் சொன்னால் ஒன்றும் செய்யாதே என்று எழுதினேன். இரண்டே வரி. கையால் அணைக்கிறவளுக்கு அணைத்தது தெரியும்தானே, அவளே திரும்பப் போட்டுக்கொள்ளட்டும். அன்று பின்னேரம் போன் வாயைத் திறக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

அவள் ஏன் அணைத்தாள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தேவையும் இருந்திருக்கக் கூடாது. நானும் அதே தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் ஐப்பசி மாதம் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இடி இடிக்கும். முதல் முழக்கத்துக்கே அப்பா மெயின் சுவிட்சைக் கீழே தள்ளுவார், கண்ணாடியைத் துணியால் மூடுவார், எல்லோருடைய போனையும் அணைத்து அரிசி வாளிக்குள் போடுவார். ரப்பர் மலையில் அவரோடு பால் வெட்டிய ஒருவர் மின்னல் பட்டு விழுந்ததைப் பார்த்தவர் அவர். தோட்டத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். டவுனில் கடைக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு அது நினைவிலேயே வரவில்லை.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு மணி போல வானம் கறுத்தது. கடைக்கு எதிர்ப்பக்கம் மழை திரையாக இறங்கியது. நான் போனைப் பார்த்தேன். நூற்றுப் பதினான்கு, பச்சை. ஒரு பழைய போனுக்குப் பேட்டரி மாற்றினேன். மறுபடி பார்த்தேன். நூற்றுப் பதினான்கு, பச்சை. இன்னொருவருக்குச் சிம் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் தடவை பார்த்தபோதும் நூற்றுப் பதினான்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுடைய சீனி இரண்டு தடவை ஒரே எண்ணில் நின்றதை நான் பார்த்ததே இல்லை.

கடைசியாக எண் வந்த நேரத்தைத் திரையின் அடியில் சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில் வைத்திருந்தேன். பெரிதாக வைத்தால் அழகாக இல்லை என்று நானே சிறிதாக்கியது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தேன். இரண்டு பத்து. கடை மணிக்கூட்டில் மூன்று ஆகிக்கொண்டிருந்தது.

தங்கச்சிக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. போன் உயிரோடு இருக்கிறது, ஆனால் எடுக்க ஆள் இல்லை. அம்மாவுக்கு அடித்தேன். அணைத்திருந்தது. அப்பாவுக்கு அடித்தேன். அணைத்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, கங்காணி, கோயில் ஐயா, உபதேசியார் என்று என்னிடம் இருந்த தோட்டத்து இலக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்றுகூட உயிரோடு இல்லை. மலை முழுக்கப் போன்கள் வாளிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் செத்துக் கிடந்தன. தோட்டத்து ஒபிசுக்கு அடித்தேன். அது கம்பிப் போன். மணி போய்க்கொண்டே இருந்தது. இடி இடிக்கும்போது எங்கள் பக்கத்தில் யார் அந்த ரிசீவரைத் தொடுவார்கள்? நானே தொட மாட்டேன்.

குடைகூட எடுக்காமல் இறங்கி ஓடினேன். சந்தியில் நாலைந்து த்ரீவீல் ஆட்டோ நின்றன. யாரும் அந்த மழையில் தோட்டத்துப் பாதைக்கு வரமாட்டார்கள் என்று தெரியும். தெரிந்த ஒரு சிங்கள அண்ணன் உள்ளே சுருண்டு படுத்திருந்தார். தங்கச்சிக்குச் சீனி விழுந்துவிட்டது, தனியாக இருக்கிறாள் என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் வானத்தை ஒரு தரம் பார்த்தார். “கமக் நே நங்கி, நகின்ன” என்றார். பரவாயில்லை தங்கச்சி, ஏறு.

அந்த ஐந்து கட்டைத் தூரத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்டால், எண்களால் கடந்தேன். ஊசி எத்தனை மணிக்குப் போட்டிருப்பாள்? ஒன்றரை. இரண்டு மணிக்குத் தாய்மார் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் அவள் சாப்பிடுவாள். மழையென்றால் அவர்கள் கொழுந்து நிறுக்கிற மடுவத்திலேயே ஒதுங்கி நிற்பார்கள், வரமாட்டார்கள். அவர்கள் வராமல் இவள் சாப்பிடமாட்டாள். ஊசி உள்ளே, சோறு டப்பாவுக்குள். இரண்டு பத்துக்கு நூற்றுப் பதினான்கு என்றால் மூன்று மணிக்கு எவ்வளவு? கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு, கையிலிருந்த போனைப் பார்த்தேன். இன்னும் பச்சை. அதை மழைக்குள் வீசி எறியவேண்டும் போல் இருந்தது.

பாதை முடிகிற இடத்திலிருந்து புள்ளக்காம்பராவுக்குப் படி ஏறவேண்டும். ஏறும்போதே பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. ஒன்று இரண்டல்ல, அத்தனையும். அழுகிற பிள்ளையை என் தங்கச்சி ஒரு நிமிஷம்கூட விடமாட்டாள். பிள்ளைகள் தவழ்ந்து வெளியே போகாமலிருக்க வைத்த அரைக்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஏறிக் குதித்தேன்.

அவள் சுவரோரமாகச் சரிந்து கிடந்தாள். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வலது கைக்குள் ஒரு டொபி. கடதாசியைப் பிரிக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. போன் எட்டாத உயரத்தில், அடுப்புத் திண்டின் மேல் இருந்தது. என் தவறிய அழைப்புகள் அதில் வரிசையாக நின்றன.

தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று கிளினிக்கில் சொல்லித் தந்திருந்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடுப்படியில் இருந்த சீனியை நனைத்து விரலில் எடுத்து, கன்னத்துக்கு உள்பக்கம் தடவினேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். திரும்பத் திரும்பத் தடவினேன். த்ரீவீல் அண்ணன் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். நான் கேட்காமலே அவர் மடுவத்தை நோக்கிச் சரிவில் ஓடினார். பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி நின்றும் படுத்தும் அழ, நான் அவள் வாய்க்குள் சீனியைத் தடவிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். எனக்கு அது ஒரு பகல் முழுக்க நடந்த மாதிரி நினைவிருக்கிறது. பிறகு அவள் நாக்கு அசைந்தது. விழுங்கினாள். என் பெயரைச் சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை. புள்ளைங்க என்று மட்டும் சொன்னாள்.

அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு மழையில் ஓடி வந்தாள். மற்றத் தாய்மாரும் வந்து அவரவர் பிள்ளைகளை வாரி எடுத்தார்கள். தங்கச்சியைத் தூக்கி த்ரீவீலில் வைத்துக்கொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. அம்மாவுக்கு என்னை விட நன்றாகச் சிங்களம் தெரியும். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

வார்ட்டில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. தங்கச்சிக்கு நன்றாக நினைவு திரும்பியதும் அம்மாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. யார் உன்னைப் போனை அணைக்கச் சொன்னது, அக்கா படித்துப் படித்துச் சொன்னாளா இல்லையா என்று ஏசிவிட்டு, சுடுதண்ணீர் வாங்கப் போத்தலோடு வெளியே போனாள்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். ஏச்சை எதிர்பார்க்கிற முகம் அது. நான் பழக்கி வைத்த முகம்.

“நான் போன நிப்பாட்டலக்கா. நீ சொன்னாப்லதான் வச்சிருந்தேன். மின்னல் பக்கத்துல வெட்டிச்சு. புள்ளைங்க இருக்கிற எடம். அந்த நீல அடையாளத்த மட்டுந்தான் அமத்தினேன்” என்றாள். நடுக்கம் வந்ததும் திரும்பப் போடத்தான் எழுந்திருக்கிறாள். அதற்குள் கால் மடங்கிவிட்டது.

நான் அவள் போனை எடுத்து, ப்ளூடூத்தைத் திரும்பப் போட்டுவிட்டு, என் ஆப் எழுதி வைத்திருந்த பதிவைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. இரண்டு பன்னிரண்டுக்கு இயங்குதளம் சொல்லியிருந்தது: ப்ளூடூத் அணைகிறது. அதே நிமிஷத்தில் மறுபடி: அணைந்துவிட்டது. இரண்டையும் என் ஆப் வாங்கியிருந்தது. வாங்கி, நான் எழுதிய இரண்டு வரியின்படி ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தது. இணையமும் இருந்தது, சிக்னலும் இருந்தது. அப்போதே என் போன் அலறியிருந்தால் நான் அவளைக் கூப்பிட்டிருப்பேன், அவளும் எடுத்திருப்பாள்.

“நீ அமத்தினது அந்த நிமிசமே போன் சொல்லிருச்சு” என்றேன். “நான்தான் எனக்குச் சொல்ல வேணான்னு எழுதி வச்சிருந்தேன்.”

“ஏன்?”

“தொந்தரவா இருந்துச்சு.”

அவள் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் கையை நீட்டினாள். காட்டு, எப்படி என்று பார்க்கிறேன் என்றாள். அவள் போனைக் கொடுத்தேன். என்னுடையதைக் கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊசி குத்தாத கையின் பெருவிரலால் நீல அடையாளத்தைத் தொட்டாள். அது சாம்பலானது. என் போனில் நூற்று நாற்பத்தொன்று, பச்சை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிஷம் போனது. அடுத்த ஐந்தும் போனது. சத்தமில்லை, நிறமும் மாறவில்லை.

அம்மா போத்தலோடு திரும்பி வந்தாள். குனிந்து என் போனைக் கண்ணுக்குக் கிட்டே எடுத்துப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. “நூத்தி நாப்பத்தொன்னு. இப்ப நல்லா இருக்கு. இனிப் பயமில்ல” என்று சொல்லிக்கொண்டே தங்கச்சியின் தலையைத் தடவினாள்.

“அத நம்பாதீங்கம்மா” என்றேன். “அது நான் எழுதினது.”